பரண்மேல் இருந்த பெட்டி

கோவில்பதாகையில் ஏகாம்பரம் வீட்டுக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. தெருமுனையில் நின்று தலையைத் தூக்கினால் போதும். எல்லார் மாடியிலும் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் இருக்கும். இவர் மாடியில் அதற்கெல்லாம் மேலே ஓர் இரும்புக் குழாய் நின்றது, அதன் உச்சியில் அலுமினியக் கம்பிகள். அதில் காக்கை உட்கார்ந்தால்கூடக் கீழேயிருந்து சத்தம் போடுவார். கேபிள் டிவிக்காரப் பையன் ஒருவன், "அண்ணாத்தே, இதுல எத்தினி சேனல் வருது?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதை தெருவுக்கே தெரியும்.

"ஒரே சேனல்தான்டா. அதுல ராகவன் மட்டும்தான் வருவான். போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னது உண்மைதான். அந்தக் கம்பம் முழுக்க முழுக்க ராகவனுக்காக நட்டது. இருவரும் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். ஏகாம்பரம் எலக்ட்ரீஷியன், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வாய் ஓயாதவர். ராகவன் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர், ஸ்டோர்ஸில் வேலை. அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குத் தாகம் எடுத்துவிடும். குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீடு. இவர் பேசுவார், அவர் கேட்பார். நட்பு நிலைக்க வேறென்ன வேண்டும்?

இருவருக்கும் பொதுவாக இருந்த பைத்தியம் வானொலி. சேர்ந்து படித்து, சேர்ந்து பரீட்சை எழுதி, ஹாம் ரேடியோ உரிமம் வாங்கினார்கள். அந்த உரிமம் இருந்தால் வீட்டிலேயே வானொலிப் பெட்டி வைத்து இன்னொரு உரிமக்காரரோடு பேசலாம். கம்ப்யூட்டர் வந்த பிறகு பேசுவதற்குப் பதிலாக எழுதியும் அனுப்பலாம். ஏகாம்பரம் தட்டுகிற எழுத்தை ஒரு சின்னக் கருவி கொர்கொர் என்று சத்தமாக மாற்றும். அந்தச் சத்தத்தை வானொலி காற்றில் அனுப்பும். ரிட்டையரான பிறகு ராகவன் குடிபோன முகப்பேர் வீட்டில் வானொலி அதைக் கேட்க, அங்கிருக்கும் கம்ப்யூட்டர் மறுபடி எழுத்தாக்கிக் காட்டும். நடுவே இன்டர்நெட் கம்பெனி கிடையாது, சிம் கார்டு கிடையாது, டவர் கிடையாது. இந்த மாடியிலிருந்து அந்த மாடிக்கு, அவ்வளவுதான்.

"வாட்ஸ்அப்புல அனுப்பினா உங்க ரெண்டு பேருக்கும் விரல் வெந்துடுமா?" என்பாள் கமலம். ஏகாம்பரத்தின் மனைவி. அவளுக்கு அந்தக் கம்பத்தின்மேல் தீராத கோபம், அது துணிக்கொடிக்கு நடுவில் நின்றது.

"வாட்ஸ்அப்பு கம்பெனிக்காரன் குடுத்தா கீது, புடுங்கினா இல்ல. இத்த யாராலயும் புடுங்க முடியாது. உலகமே இருட்டானாலும் நானும் அவனும் பேசிக்கினு இருப்போம், பாத்துக்க" என்று மார்தட்டுவார் ஏகாம்பரம்.

மனிதன் எதில் பெருமைப்படுகிறானோ அதில்தான் அடி விழ வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை.

ராகவன் மனைவி மைதிலி போய்ச் சேர்ந்து சில வருஷமாகியிருந்தது. ஒரே மகள் வர்ஷாவுக்குப் புனேயில் சாஃப்ட்வேர் வேலை. முகப்பேரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தரைத்தள வீட்டில் ராகவன் தனியாக இருந்தார். கூப்பிட்டால் மகளிடம் போக மாட்டார். செல்போனை மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிடுவார். வர்ஷா அழைத்து அழைத்து அலுத்துப்போய்க் கடைசியில் ஏகாம்பரத்தைத்தான் பிடிப்பாள்.

"மாமா, அப்பா போனை எடுக்கல. கொஞ்சம் பாருங்களேன்."

ஏகாம்பரம் உடனே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, "கீறியா?" என்று தட்டுவார். திரையில் கீழே ஒரு வரி வரும்: சேர்ந்தது. அதாவது, இங்கிருந்து போன செய்தியை அங்கிருக்கிற பெட்டி முழுதாக வாங்கிக்கொண்டது என்று பெட்டியே சொல்வது. ஏகாம்பரம் போனை எடுத்து, "கீறாரும்மா உங்கப்பன். கல்லு மாரி கீறாரு. நீ கவலப்படாம வேலையப் பாரு" என்பார். வர்ஷாவும் நிம்மதியாகப் போய்விடுவாள். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ராகவன் பதில் எழுதுவாரா என்றால், எழுத மாட்டார். எப்போதாவது மனசு வந்தால் 'ம்' என்று ஓர் எழுத்து. ஒரு தீபாவளிக்கு நேரில் பார்த்தபோது ஏகாம்பரம் சண்டைக்கே போய்விட்டார். "யோவ், நான் பக்கம் பக்கமா எழுதறேன். கீறேன்னு ஒரு வார்த்த எழுதினா இன்னாய்யா கொறஞ்சு போய்டுவ?"

ராகவன் நிதானமாகக் காப்பியைக் குடித்து முடித்தார். "சாயந்திரம் நான் உட்கார்ந்துதானே மிஷினைப் போடறேன்? நான் இல்லேன்னா மிஷின் இல்லே. சேர்ந்ததுன்னு வந்தா நான் முன்னால உட்கார்ந்திருக்கேன்னுதானே அர்த்தம்? அப்புறம் தனியா என்ன எழுதச் சொல்றே?"

ஏகாம்பரத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து 'சேர்ந்தது' என்றால் ராகவன் இருக்கிறார். இருவருக்கும் அதுதான் பேச்சு, அதுதான் நலம் விசாரிப்பு.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஏகாம்பரத்துக்கு ஒரு யோசனை வந்தது. ராகவன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் கரண்டு போனால் செத்துவிடும். மழை பெய்தால் முகப்பேரில் கரண்டு போகாமல் இருக்குமா? நல்ல நாளிலேயே போகும். அதனால் உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கு ஒரு பெரிய பேட்டரி கட்டி, இரவு பகல் எந்நேரமும் ஓடுகிற மாதிரி தயார் செய்தார். வருகிற செய்தியையெல்லாம் அது வாங்கி வைத்துக்கொள்ளும். ராகவன் எப்போது வேண்டுமானாலும் ஹாலில் இருக்கிற லேப்டாப்பைத் திறந்து அதிலிருந்து எடுத்துப் படிக்கலாம்.

முகப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போய், ஏணி போட்டு ஏறி, படுக்கையறைப் பரண்மேல் அதையும் வானொலியையும் சேர்த்துப் பொருத்தினார். கீழே வைத்தால் வெள்ளத்தில் நனைந்துவிடும் என்று பரணைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். ராகவனுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் செய்தி வந்தால் தெரியட்டும் என்று வானொலியின் சத்தத்தையும் கூட்டி வைத்தார். சோதனைக்குக் கமலத்துக்குப் போன் செய்து ஒரு செய்தி அனுப்பச் சொன்னார். பரண் கொர்ரென்று கத்தியது. ராகவன் திடுக்கிட்டுக் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார்.

"செத்தவனும் எழுந்துடுவான்யா இந்தச் சத்தத்துக்கு" என்று சிரித்தார் ஏகாம்பரம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தால் அவர் ஏகாம்பரமே இல்லை.

ஆக, பெட்டி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. ராகவன் உட்கார்ந்தால்தான் ஓடும் என்றிருந்த மிஷின் போய், ராகவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுகிற மிஷின் வந்துவிட்டது. 'சேர்ந்தது' என்ற வரிக்கு இனிமேல் ராகவன் தேவையில்லை. இது ஏகாம்பரத்துக்குத் தெரியாதா? அவர் கையாலேயே செய்த வேலை, நன்றாகத் தெரியும். தெரிந்தது தலையில் இருந்தது, பழகியது கையில் இருந்தது. சாயந்திரம் ஆனால் கை தட்டியது, வரி வந்தது, மனசு நிறைந்தது.

டிசம்பரில் புயல் வந்தது. ஞாயிறு சாயந்திரம் பிடித்த மழை திங்கள் முழுக்க ஓயவில்லை. காற்றென்றால் அப்படி ஒரு காற்று. கரண்டு போனது. பிறகு ஒவ்வொரு கம்பெனியாக செல்போன் அவிந்தது. கோவில்பதாகைத் தெருவில் முட்டளவு தண்ணீர், வாசல்படி ஏறலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. கமலம் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றினாள். ஏகாம்பரம் குடையோடு மாடிக்குப் போய்க் கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்ததால் அது அசையவில்லை. கீழே வந்து பேட்டரியில் கம்ப்யூட்டரைப் போட்டார்.

"கீறியா?"

சேர்ந்தது.

"பாத்தியாடி!" என்று கத்தினார். "சிட்டியே செத்துக் கெடக்குது, என் லைனு மட்டும் உயிரோட கீது!" அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். 

அப்புறம் வரிசையாக எழுதினார். "தண்ணி உள்ள வந்துச்சா?" சேர்ந்தது. "சாப்ட எதுனா கீதா?" சேர்ந்தது. ராகவன் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த புஷ்பா குடும்பத்தோடு வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். போகும்போது சாவியை ராகவனிடம்தான் கொடுத்திருந்தாள். அது ஏகாம்பரத்துக்கு ஞாபகம் வந்தது. "புஷ்பா ஊட்டு சாவி உன்னாண்டதானே கீது? கீழ நிக்காத. மேல போய்ப் படுத்துக்க." சேர்ந்தது.

"அப்பாடா. மேல போய்டுவான்" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

கமலம் மெழுகுவத்தியோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்யா, அவரு மேல போய்ட்டா பொட்டிகிட்ட யாரு கீறா?"

"இன்னா?"

"பொட்டி கீழ ஊட்டுலதானே கீது? அவரு மேல போய்ட்டாருன்னா நீ அனுப்பினத்த யாரு வாங்குறா?"

எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள் கேட்ட கேள்வி அது. கேள்வி சரியான இடத்தில்தான் வந்து நின்றது. ஒரு நிமிஷம் அதோடு உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் புரிந்திருக்கும். ஆனால் பெருமையில் இருக்கிற மனிதனிடம் பெண்டாட்டி கேட்கிற கேள்விக்கு என்ன மரியாதை?

"உனுக்கு ஒன்னியும் தெரியாது, கம்முனு கெட" என்றார். அவளும் கம்மென்று போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மழை விட்டது. பக்கத்து வீட்டு மோகன் வைத்திருந்த போனில் மட்டும், அதுவும் மொட்டைமாடியில் போய் நின்றால், சிக்னல் எட்டிப் பார்த்தது. ஏகாம்பரம் முதலில் கீழே ஒரு முறை "கீறியா?" என்று தட்டி, சேர்ந்தது என்று வந்ததைப் பார்த்துக்கொண்டார். பிறகு மோகன் மாடிக்கு ஏறிப் போனை வாங்கி, வர்ஷாவைத் தானே அழைத்தார். அந்தப் பெண் எப்படித் தவித்துக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தூக்கி வளர்த்த பிள்ளை.

"மாமா!" என்று அவள் அலறியது மோகனுக்கே கேட்டது. "அப்பா? அப்பா எப்படி இருக்காரு? டிவியில முகப்பேரைக் காட்டறாங்க, நெஞ்சளவு தண்ணின்னு..."

"அழுவாதம்மா. உங்கப்பன் நல்லா கீறாரு. இப்பதான் பேசிட்டு வரேன்."

"பேசினீங்களா? நிஜமாவா மாமா?"

"மெய்யாலுமேதான். மேல புஷ்பா ஊட்டுல கீறாரு. நீ பயப்படாத."

அங்கே கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. "தேங்க்ஸ் மாமா. ரெண்டு நாளா தண்ணிகூட இறங்கல எனக்கு" என்றாள். சிக்னல் அறுந்தது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏகாம்பரம் மோகனைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா நைனா, உன் போனு வேலை செய்யறத்துக்கு முன்னாடி என் கம்பி வேலை செஞ்சுது."

பேசினேன் என்றார். பேசவில்லை. மேலே இருக்கிறார் என்றார். பார்க்கவில்லை. இரண்டும் பொய் என்று அவருக்கு அப்போது தோன்றவே இல்லை. அவர் மொழியில் சேர்ந்தது என்றாலே பேசியதுதான்.

வியாழக்கிழமை தண்ணீர் வடிந்து அங்கங்கே பஸ் ஓட ஆரம்பித்தது. ஏகாம்பரம் இரண்டு பால் பாக்கெட், ரொட்டி, மெழுகுவத்தி, ராகவனுக்குப் பிடித்த வேர்க்கடலை மிட்டாய் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்பத்தூர் எஸ்டேட் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து சேற்றில் நடந்தார். முகப்பேர் குடியிருப்பில் ஜனங்கள் சோபா, மெத்தை, பாடப்புத்தகம் எல்லாவற்றையும் வெளியே போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சுவரில் இடுப்பளவுக்கு ஒரு சேற்றுக்கோடு.

"யோவ் ராகவா! பால் கொண்ணாந்துகீறேன், காப்பி போடுய்யா!" என்று கேட்டிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு போனார்.

மேல்மாடி வீடு பூட்டியிருந்தது. புஷ்பா பூட்டிவிட்டுப் போன அதே பூட்டு. கீழ் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஹாலில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. மேஜை சாய்ந்து, லேப்டாப் சேறு பூசிக்கொண்டு தரையில் மூடியபடி கிடந்தது. வாசலருகே ஆணியில் புஷ்பா வீட்டுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்பால், திறந்திருந்த படுக்கையறைக் கதவு வழியாக, பரண்மேல் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்கைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. பால் பை கையிலிருந்து விழுந்தது.

எதிர்வீட்டு ஆட்கள் வந்து கதவை உடைத்தார்கள். அந்த ஆட்கள் ஞாயிறன்றே வெளியேறிப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள். ராகவன் சார் மகளிடம் போயிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். ராகவன் கட்டிலில் இருந்தார். தண்ணீர் ஏறியபோது வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. எப்படியோ இழுத்துக்கொண்டு கட்டில்மேல் ஏறியிருக்கிறார். அதற்கு மேல் முடியவில்லை. அவர் கட்டில் பழைய காலத்து உயரக் கட்டில், தண்ணீர் அவரை மூழ்கடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: திங்கட்கிழமை விழுந்திருக்கலாம், செவ்வாய் முழுக்க உயிர் இருந்திருக்கும், நேரத்துக்கு யாராவது வந்திருந்தால் பிழைத்திருப்பார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏகாம்பரம் சுவரோடு சரிந்து உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை. 

வர்ஷா வந்தாள். தகனம் நடந்தது. காரியமும் முடிந்தது. அதுவரை ஏகாம்பரம் ஓடி ஓடி எல்லா வேலையும் பார்த்தார். வர்ஷாவின் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை. உறவினர்கள் கிளம்பிப் போன அன்று மாலை, கழுவியும் சேற்று வாடை போகாத அந்த ஹாலில், வர்ஷா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கமலம் சமையலறை வாசலில் நின்றாள்.

"எல்லாரும் கேக்கறாங்க மாமா, அப்பாவைத் தனியா விட்டுட்டியேன்னு. தனியா இல்லே, ஏகாம்பரம் மாமா கடைசி வரைக்கும் பேசிட்டுதான் இருந்தாருன்னு சொல்றேன். அது ஒன்னைத்தான் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்."

ஏகாம்பரம் தரையையே பார்த்தார்.

"போட்காரங்க வரேன்னாங்க மாமா. உங்களுக்குத் தெரியாது. அப்பா பேரை நான் குடுத்து வெச்சிருந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் பண்ணி, உங்க தெருவுலதான் இருக்கோம், அப்பாவைக் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டாங்க. வேணாம், அவரு மாடியில பத்திரமா இருக்காரு, வேற யாருக்காவது போங்கன்னு நான்தான் சொன்னேன். நீங்க அப்பதானே பேசியிருந்தீங்க? அதுக்கப்புறம்தான் கீழே எதுக்கோ இறங்கி விழுந்திருக்காரு, இல்லே மாமா? பேசும்போது நல்லாதானே இருந்தாரு?" அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்ன சொன்னாரு மாமா கடைசியா? அன்னிக்கு அவசரத்துல நான் கேக்கவேயில்லை."

ஒரு பொய் போதும். உன்னைக் கேட்டான்மா, சாப்பிட்டாளான்னு கேட்டான் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஆயுசு முழுக்க அதை வைத்துக்கொண்டு பிழைத்துப்போயிருக்கும். ஏகாம்பரம் கமலத்தை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையை இப்படியும் ஆட்டவில்லை, அப்படியும் ஆட்டவில்லை.

"நான் பேசலம்மா" என்றார்.

"என்ன மாமா?"

"உங்கப்பன்கூட நான் பேசல. பொட்டிதான் சேர்ந்ததுன்னு சொல்லிச்சு. அத்த நான் உங்கப்பன்னு நெனச்சிக்கினேன். முன்னாடி அவன் குந்தினாதான் அது ஓடும். நான்தான் பேட்டரி வெச்சு, பரண்மேல ஏத்தி, தானா ஓடறா மாரி பண்ணேன். அது மறந்துபோச்சும்மா. அவன் ஒரு எழுத்து எழுதல. மேல போனான்னும் நானாதான் சொன்னேன்."

வர்ஷா எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றாள். திரும்பி வந்தாள். "நீங்க எழுதினதை நான் பார்க்க முடியுமா?" என்றாள்.

ஏகாம்பரம் பையிலிருந்த தன் லேப்டாப்பை எடுத்து, பரண்மேல் இருந்த பெட்டியோடு இணைத்துத் திறந்து கொடுத்தார். அத்தனையும் படிக்கப்படாதவை என்று காட்டியது. அவள் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். கீறியா. தண்ணி உள்ள வந்துச்சா. சாப்ட எதுனா கீதா. கீழ நிக்காத, மேல போய்ப் படுத்துக்க. கீறியா. வர்ஷாவாண்ட சொல்லிட்டேன், நீ நல்லா கீறன்னு. கீறியா. ஏகாம்பரத்தின் கொச்சையை அவள் வாயால் கேட்கக் கேட்கக் கமலம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கடைசியைப் படித்துவிட்டு வர்ஷா தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தாள். பிறகு, அதற்கு நேர் கீழே இருந்த கட்டிலைப் பார்த்தாள்.

"மாமா, மெசேஜ் வந்தா ஒரு சத்தம் வருமே. அப்பா அபூர்வமா எடுத்த ஒரு வீடியோ கால்ல கேட்டிருக்கேன், கொர்ருன்னு. அது அப்பாவுக்குக் கேட்டிருக்குமா?"

இதற்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பேட்டரி தீர்ந்திருக்கும், காது மந்தம், மயக்கத்தில் இருந்திருப்பார். எத்தனையோ இருக்கிறது சொல்ல.

"கேட்டிருக்கும்மா" என்றார் ஏகாம்பரம். "நான்தான் சத்தத்தக் கூட்டி வெச்சேன்."

அப்போதுதான் அவர் அழுதார். குலுங்கிக் குலுங்கி, குழந்தை மாதிரி. ஒவ்வொரு முறை அந்தப் பெட்டி கத்தும்போதும் ராகவன் என்ன நினைத்திருப்பார்? இவ்வளவு கேட்கிறானே, பதில் வராததைப் பார்த்துக் கிளம்பி வந்துவிடுவான் என்று நினைத்திருப்பாரா? அல்லது தன் மிஷின் தனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது படுத்துக் கிடந்த அவருக்காவது புரிந்திருக்குமா? புரிந்திருந்தால் அது இன்னும் கொடுமை.

வர்ஷா அவரைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. லேப்டாப்பை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள். "மேலே இருக்கறதை எடுத்துட்டுப் போயிடுங்க மாமா" என்றாள்.

ஏணி போட்டு ஏறி அவரே கழற்றினார். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்து எங்கேயோ ஓடியது. கமலம்தான் குனிந்து தேடி எடுத்தாள். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா சார் இது, புதுசா?" என்று கேட்டபோது அதைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மறுநாள் மோகனைக் கூப்பிட்டுக் கம்பத்தை இறக்கினார். இப்போது கோவில்பதாகையில் அவர் வீட்டுக்கு வழி கேட்டுத்தான் போக வேண்டும். துணிக்கொடிக்கு நடுவில் இடம் காலியாகி ரொம்ப நாளாகியும் கமலம் அந்த இடத்தில் துணி போடுவதில்லை. பால்காரனிலிருந்து பென்ஷன் ஆபீஸ் வரை யாராவது, "இன்னார் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால் ஏகாம்பரம், "நான் பாக்கல. பாத்துட்டு வந்து சொல்றேன்" என்கிறார். சொன்னபடி நடந்துபோய்ப் பார்த்துவிட்டும் வருகிறார். தெருவில் சிலர் இதைக் கேலிகூடச் செய்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

வர்ஷா முகப்பேர் வீட்டைப் பூட்டிவிட்டுப் புனே போனவள் பொங்கலுக்குப் பேசவில்லை. கமலம் அழைத்தால் இரண்டு வார்த்தை பேசுவாள். மாமா என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. ஏகாம்பரமும் போனைக் கொடு என்று கேட்கவில்லை. கேட்க என்ன முகம் இருக்கிறது?

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் முதல் ரெட் அலர்ட் அறிவித்த அன்று காலை அவர் போன் அடித்தது. திரையில் வர்ஷா பெயர். ஏகாம்பரம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எடுத்தார்.

"அலோ."

பதில் இல்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் ஏதோ ஆபீஸ் இரைச்சல்.

"வர்ஷாவாம்மா? அலோ?"

அந்தப் பக்கம் பேசவில்லை, வைக்கவும் இல்லை. ஏகாம்பரத்துக்கு மெல்லப் புரிந்தது. அவள் மன்னிக்கவில்லை. ஆனால் மழை வருகிறது. ஒருவர் இருக்கிறாரா என்று காதால் கேட்டாக வேண்டும் அவளுக்கு.

அதற்குப் பிறகும் மழை எச்சரிக்கை வரும்போதெல்லாம் அந்த அழைப்பு வருகிறது. இன்றுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏகாம்பரமும் இப்போது அலோ சொல்லிக் காத்திருப்பதில்லை. எடுத்தவுடன், கம்பம் இருந்த திசையைப் பார்த்து நின்றுகொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார்:

"கீறேம்மா. நான்தான் பேசறேன். நானேதாம்மா பேசறேன்."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் போனை வைக்கிறாள்.